இரவு விமானத்தில் வெளிநாடு: டிக்கெட் எடுப்பதில் தொடங்கி இருக்கையில் தூங்குவது வரை

டிக்கெட்டில் '15ஆம் தேதி, 00:40' என்று இருந்தால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி இரவு. 15ஆம் தேதி முழுக்கச் சாவகாசமாக மூட்டை கட்டிவிட்டு அன்றிரவு விமான நிலையத்துக்குப் போனால், விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். நள்ளிரவை ஒட்டிய விமானங்களில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதுவும் விவரம் தெரிந்தவர்களுக்கே. ஆகவே காலண்டரில் விமானம் கிளம்பும் நேரத்தை மட்டும் குறித்து வைக்காதீர்கள். வீட்டைவிட்டு இறங்கும் கிழமையையும் மணியையும் குறியுங்கள்.

டிக்கெட்டில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊரின் நேரம். போய்ச் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று இருந்தால் மறுநாள் இறங்குகிறீர்கள் என்று பொருள். ஹோட்டல், வாடகைக் கார், இறங்கியதும் பிடிக்க வேண்டிய ரயில் எல்லாவற்றையும் அந்த மறுநாள் தேதிக்கே பதிவு செய்ய வேண்டும்.

பகலில் ஒரு சிக்கல் வந்தால் யாரையாவது கேட்கலாம், எங்காவது ஓடலாம். இரவு பதினொரு மணிக்குத் தூதரகம் திறந்திருக்காது, வங்கியில் ஆள் இருக்காது, ஒரு தாள் பிரிண்ட் எடுக்கக்கூடக் கடை இருக்காது. உங்கள் மூளையும் பாதி உறங்கப் போயிருக்கும். அதனால் இனி வரும் எல்லா யோசனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: யோசித்து முடிவெடுக்க வேண்டிய வேலை எதையும் இருட்டிய பிறகு மிச்சம் வைக்காதீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போது

இரவு விமானம் என்றாலே தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சுமார் 7 மணி நேரம். விமானம் மேலேறி, சாப்பாடு கொடுத்து, தட்டை எடுத்து, விளக்கை அணைப்பதற்குள் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போய்விடும். இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டுக் காலை உணவோடு வந்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது மூன்று, நான்கு மணி நேரம்தான். அதே 12, 13 மணி நேர விமானம் என்றால் நடுவில் ஒரு முழு இரவே கிடைக்கும். ஆகவே நீண்ட இரவு விமானத்தைவிடக் குறுகிய இரவு விமானம்தான் உடம்பை அதிகம் வாட்டும். குறுகிய தூரத்துக்குப் பகல் விமானம் கிடைத்தால் நான் அதையே சொல்வேன். இரவில்தான் போயாக வேண்டும் என்றால், இருப்பதில் தாமதமாகக் கிளம்புவதை எடுங்கள். அந்த நேரத்தில் உடம்பே தூக்கத்தைக் கேட்கும்.

அடுத்து, இறங்கும் நேரம். காலை 5 மணிக்கு இறங்குகிறீர்கள், ஹோட்டலில் அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள் என்றால் நடுவில் உள்ள பத்து மணி நேரத்துக்கு என்ன செய்வீர்கள்? முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை பிடிப்பது ஒரு வழி. செலவுதான், ஆனால் குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் அந்தப் பணம் வீண் இல்லை. அப்படிப் பதிவு செய்தால் 'விடியற்காலை வந்து சேர்வேன்' என்று ஹோட்டலுக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரவு ஆள் வரவில்லை என்று பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். செலவு வேண்டாம் என்றால், பெட்டியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஹோட்டல்களில் வைத்துக்கொள்வார்கள்.

வழியில் விமானம் மாறுவதாக இருந்தால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருப்பது மிக முக்கியம். மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது. புதிய டிக்கெட்டுக்குக் காசும் உங்கள் கையிலிருந்துதான். நடுவில் உள்ள நாட்டுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரலாம். அப்படி நுழைவதற்கு விசா வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இருக்கை விஷயத்தில் என் கருத்து எளியது. தூங்குபவர் ஜன்னலோரம், அடிக்கடி எழுந்திருப்பவர் நடைபாதையோரம். ஜன்னலோரம் சாய ஒரு சுவர் இருக்கிறது, யாரும் உங்களைத் தாண்டிப் போக எழுப்ப மாட்டார்கள். கழிப்பறைக்கும் சமையல் பகுதிக்கும் பக்கத்தில் இரவு முழுக்க வெளிச்சமும் பேச்சும் இருக்கும். கடைசி வரிசை பல விமானங்களில் சாயாது. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில்தான் கைக்குழந்தைத் தொட்டில்கள் மாட்டுவார்கள். அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் தாராளம்தான், ஆனால் கைப்பிடியைத் தூக்க முடியாது, புறப்படும்போதும் இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்க விட மாட்டார்கள், கதவோரம் குளிரவும் செய்யும்.

தனி உணவு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். சில நிறுவனங்கள் அதைவிட முன்பே கேட்கும். இதில் ஒரு உபரி லாபம்: தனி உணவை மற்றவர்களுக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். சீக்கிரம் சாப்பிட்டுச் சீக்கிரம் படுக்கலாம்.

காகிதங்கள்: ஒரு மாதம் முன்பே

பாஸ்போர்ட் காலாவதி ஆகவில்லை என்பது மட்டும் போதாது. பல நாடுகள் நீங்கள் நுழையும் நாளிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு வேறு கணக்கு: அங்கிருந்து திரும்பும் நாளுக்கு மேல் 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கொடுக்கப்பட்டு 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. முத்திரை குத்தக் காலிப் பக்கம் இருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள்.

டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். முதல் பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறியிருந்தாலோ, ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தாலோ இன்றைக்கே நிறுவனத்தை அழைத்துத் திருத்துங்கள். பகலில் போனில் முடிகிற திருத்தம் இரவு கவுன்டரில் பெரும் பாடாகிவிடும்.

விசா வேண்டாம் என்று கேள்விப்பட்ட நாடுகளிலும் ஏமாந்துவிடாதீர்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவை விசா தேவையில்லாத பல நாட்டவரிடமும் பயணத்துக்கு முன் இணையத்தில் அனுமதி வாங்கச் சொல்கின்றன. வழியில் மாறும் நாட்டையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் வெளிநாட்டு விமானத்திலிருந்து இன்னொரு வெளிநாட்டு விமானத்துக்கு மாறுவதானாலும் குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும். எனவே அந்நாட்டு விசாவோ முன்அனுமதியோ இல்லாமல் அந்த வழியில் போக முடியாது. சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் (தாய்லாந்தில் 2025 மே மாதம் முதல்) வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள்தான் அதை நிரப்ப முடியும். அதனால் மாதக்கணக்கில் முன்பே முடித்துவைக்க முடியாத வேலை இது. பயணத்துக்கு முந்தைய நாள் காலை என்று நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வத் தளத்தில் இவை இலவசம். காசு கேட்கும் தளம் வேறு யாருடையதோ.

கவுன்டரில் இதையெல்லாம் ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்? உரிய காகிதம் இல்லாதவரை ஏற்றிப் போனால் அபராதம் விமான நிறுவனத்துக்கு, அவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பும் அவர்களுக்கே. கவுன்டர் ஊழியர் தன் கணினியில் பார்ப்பது பெரும்பாலும் டைமாட்டிக் என்ற விதித் தொகுப்பை. அதில் 'கூடாது' என்று வந்தால் அங்கே வாதாடிப் பயன் இல்லை. பல நிறுவனங்கள் அதே தொகுப்பைத் தங்கள் தளத்தில் பயணிகளும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. ஊழியர் பார்க்கப்போவதை நீங்களே ஒரு மாதம் முன்பு பார்த்துவிடலாம்.

மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாட்டில் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து இன்னொரு நாட்டில் தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். கோடீன் கலந்த வலி மாத்திரைகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. மருந்தை அதன் சொந்த அட்டையிலேயே, மருத்துவரின் சீட்டோடு எடுத்துப் போங்கள். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் சீட்டில் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். இன்சுலின்போல நேரம் பார்த்துப் போடும் மருந்து எடுப்பவர்கள், நேர மண்டலம் மாறும் அந்த ஒரு இரவில் எப்போது எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதியே வாங்கிவிடுவது நல்லது.

ஒரு பெற்றோருடன் மட்டும் குழந்தை பயணம் செய்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைச் சில நாடுகள் கேட்கும். கர்ப்பிணிகள் 28 வாரத்துக்கு மேல் மருத்துவர் கடிதம் வைத்திருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள்.

உடம்பின் கடிகாரம்: மூன்று நாள் முன்பு

இரண்டு நாள் வேலையாகப் போய்த் திரும்புகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். அவ்வளவு குறுகிய நேரத்தில் உடம்பு மாறாது, மாற்ற முயல்வதும் வீண். ஒரு வாரமாவது தங்குபவர்களுக்கு இது.

மனித உடம்பின் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தாமதமாகப் படுப்பது நமக்கு எளிது, சீக்கிரம் படுப்பது கடினம். மேற்கே போனால் தாமதமாகப் படுக்க வேண்டும், கிழக்கே போனால் சீக்கிரம் படுக்க வேண்டும்; கிழக்குப் பயணம் அதிகம் படுத்துவதற்கு இதுதான் காரணம். புறப்படுவதற்கு மூன்று நாள் இருக்கும்போதே, கிழக்கே போகிறவர்கள் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்து முன்னதாக எழத் தொடங்கலாம், மேற்கே போகிறவர்கள் தள்ளிப் படுக்கலாம். முழுக்க மாறாது. ஆனால் இறங்கிய பிறகு சரிக்கட்ட வேண்டியது அந்த அளவுக்குக் குறையும்.

இறங்கியதும் வெயிலில் நில்லுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. எப்போது நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும் அல்லது பின்னே இழுக்கும். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு உடம்பின் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அந்தப் புள்ளிக்கு முன்பு படும் வெளிச்சம் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும், பின்பு படுவது முன்னே நகர்த்தும். உதாரணத்துக்கு, ஊரில் 7 மணிக்கு எழுபவர் 8 மணி நேரம் கிழக்கே போகிறார். அவருடைய வெப்பம் குறையும் புள்ளி ஊர் நேரப்படி சுமார் காலை 5 மணி, போன இடத்தில் அப்போது பகல் 1 மணி. அவர் காலை 7 மணிக்கு இறங்கி நேராக வெயிலில் நின்றால், கிழக்குக்குத் தேவையானதற்கு நேர் எதிராகக் கடிகாரத்தைத் தள்ளுகிறார். பகல் 1 மணி வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிழலில் இருந்துவிட்டு, பிற்பகலில் நன்றாக வெளியே நடப்பதுதான் அவருக்குச் சரி. உங்கள் பயணத்துக்கான புள்ளியை இப்போதே கணக்கிட்டுப் போனில் குறித்து வையுங்கள். தூக்கம் கெட்ட தலையோடு இந்தக் கணக்கைப் போட முடியாது.

தூக்க நேரத்தை மாற்ற உதவும் மெலட்டோனின் மாத்திரை சில நாடுகளில் கடையிலேயே கிடைக்கும், சில நாடுகளில் மருத்துவர் சீட்டு வேண்டும். மருத்துவரைக் கேட்டே எடுங்கள். தூக்க மாத்திரையை விமானத்தில்தான் முதன்முதலாகச் சோதித்துப் பார்ப்பது என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அசையாமல் மணிக்கணக்கில் கிடப்பது காலில் ரத்தம் உறையும் அபாயத்தையும் கூட்டும்.

பெட்டியும் பையும்

பெட்டியைக் கட்டும் முன் டிக்கெட்டில் எடை விதியைப் பாருங்கள். சில தடங்களில் மொத்த எடை கணக்கு, சில தடங்களில் பெட்டியின் எண்ணிக்கை கணக்கு. எண்ணிக்கைக் கணக்கில் 23 கிலோ பெட்டி இரண்டு அனுமதி என்றால் 30 கிலோவில் ஒன்று, 16 கிலோவில் ஒன்று என்று கொண்டுபோக முடியாது. ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் பொதுவாக ஏற்க மாட்டார்கள், தூக்கும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கான வரம்பு அது. வீட்டிலேயே எடை பார்த்து, ஒரு கிலோ குறைவாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். கவுன்டர் முன்னால் நடுராத்திரியில் பெட்டியைத் திறந்து துணியை இடம் மாற்றுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பவர் பேங்க், தனி பேட்டரி, மின் சிகரெட் எதுவும் பெரிய பெட்டியில் போகக் கூடாது, கையில்தான். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் உண்டு, சரக்கு அறையில் இல்லை. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி (Wh) வரை என்றால் அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதலோடு அதிகபட்சம் இரண்டு. அதற்கு மேல் கூடவே கூடாது. பவர் பேங்கில் எம்.ஏ.எச். (mAh) மட்டும் போட்டிருந்தால் அதை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள்: 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி, கவலையில்லை. எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கைச் சோதனையில் பிடுங்கிவிட வாய்ப்புண்டு. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன்பே எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்ன பிறகு கெடுபிடி கூடிவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. ஆகவே போனை முழுக்கச் சார்ஜ் செய்துகொண்டு ஏறுங்கள். இன்னொன்று: மேலே இடமில்லை என்று வாசலில் உங்கள் கேபின் பையை வாங்கிக் கீழே அனுப்பினால், பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட் மூன்றையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

திரவம் 100 மி.லி. விதி 2006இல் வந்தது. பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்பது கணக்கில்லை, பாட்டிலின் அளவுதான் கணக்கு. பாதி காலியான 150 மி.லி. பாட்டிலும் குப்பைக்குத்தான் போகும். புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் மாறும் ஊரிலும் திரும்பும் ஊரிலும் பழைய விதியே இருக்கலாம் என்பதால் 100ஐயே பிடித்துக்கொள்வது நிம்மதி. பற்பசையும் க்ரீமும்கூடத் திரவக் கணக்கில்தான் வரும்.

இரவு விமானத்தில் நான் இரண்டு பை முறையையே சிபாரிசு செய்வேன். மேலே வைக்கும் பையை இறங்கும் வரை தொடக் கூடாது. இரவுக்கு வேண்டியதெல்லாம் காலடியில் வைக்கும் சின்னப் பையில்:

- பாஸ்போர்ட், பேனா, தங்குமிட முகவரி எழுதிய தாள்
- அன்றிரவுக்கும் அடுத்த இரண்டு நாளுக்குமான மருந்து
- கண்மறைப்பு, காது அடைப்பான், கழுத்துத் தலையணை
- ஒரு ஸ்வெட்டர், தடிமனான சாக்ஸ்
- பல் துலக்கி, சின்னப் பற்பசை, உதட்டுக்குப் பூசுவது, ஈரத் துடைப்பான்
- காலித் தண்ணீர் பாட்டில்
- சார்ஜர் ஒயர், ஒயர் உள்ள ஒரு இயர்போன்

பெரிய பெட்டி வராமலே போனாலும் ஒரு நாள் ஓட்ட, மேலே வைக்கும் பையில் ஒரு செட் மாற்றுத் துணி இருக்கட்டும்.

புறப்படும் நாள்

ஆன்லைன் செக்-இன் பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம் முன்பு திறக்கும். திறந்ததுமே முடித்துவிடுங்கள், நல்ல இருக்கை மிச்சம் இருக்கும். போர்டிங் பாஸைப் போனில் சேமிப்பதோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

பெட்டியை மதியத்துக்குள் பூட்டிவிட வேண்டும். அதற்கு மேல் நினைவு வரும் பொருள் பெரும்பாலும் இல்லாமலும் சமாளிக்கக்கூடிய பொருள்தான். அப்புறம் வீடு: கேஸ், தண்ணீர்க் குழாய், கெட்டுப்போகும் உணவு, குப்பை, ஜன்னல். ஒவ்வொன்றையும் மூடியதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'கேஸை மூடினோமா' என்ற சந்தேகம் எப்போதும் விமானம் மேலேறிய பிறகுதான் வரும்.

காபியும் தேநீரும் மதியத்தோடு நிற்கட்டும். உடம்பிலிருந்து காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த காபி இரவு 11 மணிக்கும் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கும். குட்டித் தூக்கம் போடலாமா? விமானம் இரவு 12 மணிக்குள் என்றால் வேண்டாம், அந்தத் தூக்கத்தை விமானத்துக்கு மிச்சம் வையுங்கள். அதிகாலை 2, 3 மணி விமானம் என்றால் மாலையில் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுவது நல்லது. அலாரம் இரண்டு வைத்துவிட்டுப் படுங்கள்.

இரவு உணவை வீட்டில் அல்லது விமான நிலையத்தில் முடித்துவிட்டு, விமானத்தில் முதல் உணவைத் தவிர்ப்பதுதான் குறுகிய இரவில் நான் கண்ட நல்ல வழி. அந்த ஒன்றே ஒன்றரை மணி நேரத் தூக்கத்தை மிச்சப்படுத்தும். வயிறு உப்பவைக்கும் உணவு வேண்டாம், மேலே காற்றழுத்தம் குறையும்போது வயிற்றுக் காற்று விரியும். கிளம்பும் முன் குளித்து, தளர்வான பருத்தி உடை, எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு அல்லது ஷூ. கால் கொஞ்சம் வீங்கும் என்பதால் இறுக்கமான ஷூ காலையில் ஏறாது.

விமான நிலையத்துக்குப் போகும் வண்டியை மாலைக்குள் உறுதி செய்துவிடுங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அது போய்விட்டால் மாற்று என்ன என்று இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

விமான நிலையத்தில்

மூன்று மணி நேரம் முன்பு போய்விடுங்கள். இரவில் கூட்டம் இருக்காது என்று நினைத்தால் தவறு. பல ஊர்களில் நீண்ட தூர விமானங்கள் எல்லாம் ஒரே இரவு நேரத்தில்தான் வரிசையாகக் கிளம்புகின்றன, கூட்டம் அப்போதுதான் உச்சம். செக்-இன் கவுன்டரைப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பு மூடிவிடுவார்கள், சில இடங்களில் இன்னும் முன்பே. மூடிவிட்டால் மூடியதுதான்.

பெட்டியைக் கொடுக்கும்போது அதில் ஒட்டும் சீட்டைப் பாருங்கள். மூன்றெழுத்து ஊர்க் குறியீடு நீங்கள் கடைசியாக இறங்கும் ஊருடையதா, நடுவில் மாறும் ஊருடையதா? 'வழியில் பெட்டியை எடுக்க வேண்டுமா?' என்று வாய்விட்டே கேளுங்கள். கையில் தரும் துண்டுச் சீட்டு பத்திரம், பெட்டி தொலைந்தால் அதுதான் ஆதாரம். பெட்டியின் வெளிப்புறத்தை ஒரு படம் எடுத்துவைப்பதும் நல்லது.

பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப், திரவப் பை இரண்டும் பையின் மேல்பகுதியிலேயே இருந்தால் வேலை சுலபம். சில நாடுகளில் வெளியேறும்போதும் பாஸ்போர்ட்டில் முத்திரை உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் வெளியேறும் குடியேற்றக் கவுன்டரே கிடையாது. தேடி அலைய வேண்டாம்.

உள்ளே போனதும் முதலில் கேட்டைக் கண்டுபிடியுங்கள், கடையும் சாப்பாடும் அப்புறம். பெரிய விமான நிலையங்களில் கடைசி கேட்டுக்கு நடக்க 20 நிமிடம்கூட ஆகும். கேட் எண் கடைசி நேரத்தில் மாறும். பல ஓய்வறைகளில் (லவுஞ்ச்) அறிவிப்பே செய்ய மாட்டார்கள். வெளியே உள்ள இருக்கையில் கண்ணயர்ந்து விமானத்தை விடுவது இரவில்தான் அதிகம். போர்டிங் தொடங்கும் நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்து, அதிர்வோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட் கதவு விமானம் கிளம்பும் நேரத்தில் அல்ல, அதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும்.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியவை: பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள், பல் துலக்குங்கள், முகம் கழுவுங்கள், சாக்ஸ் மாற்றுங்கள். விமானத்தின் சின்னக் கழிப்பறையில் வரிசையில் நின்று செய்வதைவிட இது எவ்வளவோ மேல். கொஞ்சம் நடங்கள். இனி மணிக்கணக்கில் உட்காரப் போகிறீர்கள்.

விமானம் ரத்தாகிவிட்டால் கவுன்டர் வரிசையில் நின்றுகொண்டே நிறுவனத்தின் செயலியிலும் தொலைபேசியிலும் முயலுங்கள். எது முதலில் கிடைக்கிறதோ அது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு அந்த ஒன்றியத்தின் 261/2004 என்ற பயணிகள் உரிமை விதிப்படி உணவும், இரவு தங்க வேண்டி வந்தால் ஹோட்டலும் தர வேண்டும். மற்ற இடங்களில் அந்தந்த நாட்டின் சட்டத்தையும் நிறுவனத்தின் விதியையும் பொறுத்தது. எதுவாக இருந்தாலும் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

இருக்கையில் அமர்ந்த பிறகு

உட்கார்ந்ததுமே கடிகாரத்தைப் போகும் ஊர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். புறப்படும்போது கேபின் விளக்கை மங்கலாக்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அவசரமாக இறங்க நேர்ந்தால் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது அது.

போர்வைக்கு மேலே இருக்கைப் பட்டையைப் போடுங்கள். விமானம் குலுங்கும்போது பட்டை போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க வருவார்கள். போர்வைக்குள் இருந்தால் எழுப்பித்தான் கேட்பார்கள். சாப்பாடு வேண்டாம் என்றால் முன்பே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். கண்மறைப்பைப் போட்டுக்கொண்டவரைப் பொதுவாக எழுப்ப மாட்டார்கள். கழுத்துத் தலையணையின் தடித்த பகுதியை முன்பக்கம் திருப்பி, தாடைக்குக் கீழே வருமாறு போட்டுப் பாருங்கள். தலை முன்னால் விழுவதுதானே நம்மை எழுப்புகிறது.

பறக்கும்போது கேபினின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. அதனால் தொண்டை வறளும், தலை வலிக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். மது தூக்கத்தைக் கொண்டுவருவதுபோலக் காட்டிவிட்டுப் பாதியில் எழுப்பிவிடும். ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாக இருக்கும் கேபினில் ரத்தத்தின் ஆக்சிஜனை அது இன்னும் இறக்கும்.

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணிப்பது காலில் ரத்தம் உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. இரட்டிப்பு என்றாலும் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆரோக்கியமாக இருப்பவர் விழிக்கும்போதெல்லாம் கணுக்காலைச் சுழற்றி, ஒரு தரம் எழுந்து நடந்தால் போதும். முன்பு ரத்தம் உறைந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் அழுத்தக் காலுறை பற்றி முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தூக்கம் வரவில்லையா? திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கிடங்கள். படம் பார்த்தபடி விடியும் வரை இருப்பதைவிட அதுவே பாதி ஓய்வு.

விடிந்ததும்

இறங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம் விழித்திருங்கள். தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவதால் காது அடைத்து வலிக்கும். விழுங்கிக்கொண்டோ கொட்டாவி விட்டுக்கொண்டோ இருந்தால் திறந்துவிடும். குழந்தைக்கு இந்த நேரத்தில் பால் கொடுங்கள். கழிப்பறைக்குப் போவதானால் காலை உணவு வருவதற்கு முன்பே போய்விடுங்கள், அப்புறம் வரிசை நீளும். எழும் முன் இருக்கைப் பையில் கைவிட்டுப் பாருங்கள்: கண்ணாடி, போன், பாஸ்போர்ட் மூன்றும் அங்கேதான் தங்கிவிடும்.

பெட்டி வரவில்லை, அல்லது உடைந்து வந்திருக்கிறது என்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் கவுன்டரில் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்துக்கு எழுத்துப் புகாரைப் பெட்டி கிடைத்த 7 நாட்களுக்குள் தர வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்கள். செக்-இன்னில் தந்த அந்தத் துண்டுச் சீட்டையும் பெட்டியின் படத்தையும் முதலில் கேட்பது இங்கேதான்.